டாக்டரைப் பார்க்க மூன்று நாள் பத்தியம்

கேள்வி: எங்கள் நைனாவுக்கு 63 வயது. குடியாத்தத்தில் கைத்தறி நெய்கிறார். 11 வருஷமாகச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலூருக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறோம். போவதற்கு மூன்று நாள் முன்பே பத்தியம் தொடங்கிவிடும். சோறு கிடையாது, டீ கிடையாது, மூன்று வேளையும் கஞ்சிதான். மற்ற நாட்களில் பாதி மறந்துபோகும் மாத்திரைகளை அந்த மூன்று நாளும் மணி பார்த்துப் போடுவார். போன முறை ரத்தம் கொடுக்க வேண்டுமென்று விடியற்காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறினோம். லத்தேரி தாண்டும்போது வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பக்கத்து சீட்டு அம்மா கொடுத்த கடலை மிட்டாயைச் சாப்பிட்டதும் தெளிந்தார். லேபில் வெறும் வயிறு என்று எழுதி ரத்தம் கொடுத்தோம். 118 வந்தது. மூணு மாச சுகர் 9.1. டாக்டர் கிளிமிபிரைடு மாத்திரையை 1 மில்லிகிராமிலிருந்து 2 ஆகக் கூட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் நடந்ததையும் பத்தியத்தையும் சொல்லலாம் என்றால், "டாக்டர் முன்னாடி என் மானத்தை வாங்காதே" என்கிறார். அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும். எப்படித் தயார்செய்து அழைத்துப் போவது?

ஒரு மகள், குடியாத்தம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் முதல் வேலையாக அந்த கிளினிக்குக்கு போன் செய்யுங்கள். "போன முறை வரும் வழியில் பஸ்ஸில் சுகர் இறங்கின மாதிரி ஆகிவிட்டது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம், அதற்குப் பிறகு கிளிமிபிரைடைக் கூட்டியிருக்கிறீர்கள்" என்று சொல்லுங்கள். இவ்வளவு போதும். டாக்டர் அளவை மாற்றச் சொல்லலாம், அல்லது முன்னதாகவே வரச் சொல்லலாம். அதுவரை நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் சாப்பாடு தயாராகத் தட்டில் இருந்தால் ஒழிய அந்த மாத்திரையை அவர் கையில் கொடுக்காதீர்கள். மறுபடி அதே மாதிரி வேர்த்து நடுங்கினால், போனில் பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.

ஏன் இத்தனை அவசரம் என்று கேட்பீர்கள். கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அது பார்க்காது. மூன்று நாள் கஞ்சி குடித்து இளைத்த உடம்பு, முந்தைய ராத்திரியிலிருந்து காலி வயிறு, அதன் மேல் அந்த மாத்திரை. வேர்வை, நடுக்கம், குழறின பேச்சு எல்லாம் சேர்ந்து வந்ததைப் பார்த்தால் அது சர்க்கரை இறங்கினதாகத்தான் தெரிகிறது. 70-க்குக் கீழே போனால் இப்படி ஆகும்.

அப்புறம் அந்த 118. நீங்கள் கவனித்தீர்களா? அது வெறும் வயிற்று சுகரே இல்லை. இறங்கிப்போன சர்க்கரை கடலை மிட்டாயால் ஏறி வந்த பிறகு எடுத்த கணக்கு. டாக்டர் மேசையில் இருந்தது இரண்டு எண்கள்: 118, 9.1. வெறும் வயிற்றில் பரவாயில்லை, மூன்று மாதக் கணக்கு மோசம், அப்படியானால் மருந்து போதவில்லை என்று அவர் நினைத்தது சரியான கணக்குத்தான். அவருக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான். அன்று காலையில் சர்க்கரை இறங்கித் தடுமாறிய மனிதருக்கு, சர்க்கரையை இன்னும் இறக்கும் மாத்திரை கூடிவிட்டது.

வேலூரில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் 22 வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் அறைக்குள் போகும் முன் எடை, பிரஷர், கால் எல்லாம் என் மேசையில்தான் பார்ப்போம். உங்கள் அப்பா மாதிரி பத்தியம் இருந்துவிட்டு வருகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி கண்விழித்துப் படிக்கிற பிள்ளைகள் மாதிரி. அவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. டாக்டர் திட்டுவார் என்ற பயம் இருக்கிறதே, அதை உண்டாக்கியதில் எங்கள் பங்கும் உண்டு.

ஆனால் மூணு மாச சுகர் பத்தியத்துக்கு மசியாது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியதோ அதற்கேற்ப அது சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. 9 என்றால் சராசரியாக இரவும் பகலும் 212 சுமாருக்கு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். 7 என்றால் 154 சுமார். மூன்று நாள் கஞ்சியால் அதைப் பெரிதாக அசைக்க முடியாது. அதற்கு வெறும் வயிறும் தேவையில்லை, எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம். ரத்தசோகை இருந்தாலோ, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ அந்தக் கணக்கு தப்பாகக் காட்டலாம். அப்படி ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு என் யோசனை இது. வேலூருக்கு வந்து கொடுக்காதீர்கள். கிளினிக்கில் கேட்டு, அவர்கள் ஒத்துக்கொண்டால், இரண்டு நாள் முன்பே குடியாத்தத்திலேயே ஒரு நல்ல லேபில் கொடுத்துவிடுங்கள். முந்தின ராத்திரி எட்டரைக்குள் வழக்கமான சாப்பாடு. காலை ஏழு மணிக்கு ரத்தம். நடுவில் தண்ணீர் குடிக்கலாம். பிரஷர் மாத்திரை இருந்தால், டாக்டர் வேறு மாதிரி சொல்லாத வரை, ஒரு வாய் தண்ணீரோடு வழக்கம்போலப் போடலாம். சர்க்கரை மாத்திரை மட்டும் ரத்தம் கொடுத்த பிறகு, இட்லியோ தோசையோ முன்னால் வைத்துக்கொண்டு. சாப்பிட்ட பின் பார்க்கும் பரிசோதனைக்கு, முதல் வாய் எடுத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். அன்றைக்கும் வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை. இதைச் செய்துவிட்டால் டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறலாம். இன்சுலின் போடுகிற வேறு வாசகர்கள் இதைப் படித்தால், பரிசோதனை நாளில் ஊசியை எப்படிப் போடுவது என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். ஊசிக்கு ஊசி அது மாறும்.

அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ இருக்கட்டும். கடலை மிட்டாய் கொடுத்த அந்த அம்மா நல்ல நேரத்தில் உதவினார், அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் வேர்க்கடலையின் எண்ணெய் சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்துக்கு விடும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்தாலும் விட்டுவிடாமல் ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும், ஏனென்றால் கிளிமிபிரைடின் வேலை நாள் முழுக்க நீளக்கூடியது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது மானத்துக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி அதுதான்.

நீங்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்து "இவர் மாத்திரையே போடறதில்ல சார், டீக்கு டீ சர்க்கரை போட்டுக் குடிக்கிறார்" என்று சொன்னால், அது காட்டிக்கொடுப்பதாகத்தான் அவருக்குப் படும். வாழ்நாள் முழுக்க உழைத்த மனிதர். மகள் வாயிலிருந்து, அந்நியர் முன்னால், அதைக் கேட்க முடியாது. அதனால் நீங்கள் சொல்ல வேண்டாம். அவரே சொல்லட்டும், ஒரே ஒரு வரி: "வாரத்துல மூணு நாள் மாத்திரை விட்டுப்போகுதுங்க." முதல் நாள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, எத்தனை நாள் விட்டுப்போகிறது, ஏன் விட்டுப்போகிறது என்று மட்டும் கேளுங்கள். திட்டாமல் கேட்டால் காரணம் வரும். என் மேசையில் வந்த காரணங்களைச் சொல்கிறேன். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டால் வயிறு கலக்குகிறது, தறியில் உட்கார்ந்தால் எழுந்து போக முடியவில்லை என்றார் ஒருவர். மதியச் சாப்பாடு எப்போது என்றே தெரியாது, அதனால் பயந்து போடுவதில்லை என்றார் இன்னொருவர். மாசக் கடைசியில் காசில்லை என்றவர்கள் நிறைய. இவை ஒவ்வொன்றுக்கும் டாக்டரிடம் பதில் உண்டு. மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் இருக்கிறது, சர்க்கரையை அவ்வளவாக இறக்கிவிடாத மாத்திரைகள் இருக்கின்றன, விலை குறைந்த அதே மருந்தும் அரசு மருத்துவமனை மருந்தும் இருக்கின்றன. காரணம் தெரியாவிட்டால் அவருக்குத் தெரிந்த ஒரே வழி அளவைக் கூட்டுவதுதான்.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாத்திரையைப் பாதி நாள் விடுகிறவருக்கு, விடுவது தெரியாமல் வருஷக்கணக்கில் அளவு கூடிக்கொண்டே போகும். அப்புறம் ஒரு நாள் காய்ச்சலென்று ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் படுப்பார். அங்கே சீட்டில் எழுதியிருப்பது அத்தனையும் வேளை தவறாமல் கொடுப்பார்கள். இரண்டாம் நாள் ராத்திரி சுகர் 40-க்கு வந்து நிற்கும். உங்கள் அப்பாவின் மூன்று நாள் பத்தியம் இதன் சின்ன வடிவம்தான்.

அந்த ஒரு வரியை உள்ளே போனதும் முதலில் சொல்ல வேண்டும். எல்லோரும் கடைசியில், எழுந்து, ஒரு கை கதவுப் பிடியில் இருக்கும்போது திரும்பிச் சொல்வார்கள்: "அப்புறம் சார், நெஞ்சுல ஒரு மாதிரி இருக்குது." அதற்குள் சீட்டு எழுதி முடிந்திருக்கும், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று விஷயம் மட்டும் எழுதி அப்பா கையிலேயே கொடுங்கள். பஸ்ஸில் நடந்தது. மாத்திரை விட்டுப்போவது. மூன்றாவது அவருக்கு எது தொந்தரவோ அது. பத்து எழுதினால் பத்தும் பாதியில் நிற்கும்.

மஞ்சப்பையில் என்ன போடுவது? பழைய சீட்டுகள், லேப் ரிப்போர்ட்கள் தேதிவாரியாக. வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையும், பாதி தீர்ந்ததும் சேர்த்து. பெயரை எழுதிக்கொண்டு வருவதைவிட அட்டையே வருவது மேல். ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்தார், ஓயாத வயிற்றுப்போக்கு. பையைக் கொட்டிப் பார்த்தால், மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த மெட்ஃபார்மின் ஒரு பக்கம், தனியார் டாக்டர் எழுதிய அதே மெட்ஃபார்மின் வேறு கம்பெனிப் பெயரில் இன்னொரு பக்கம். இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். நிறம் வேறு, அட்டை வேறு, அவருக்கு எப்படித் தெரியும்? சிறுகுறிஞ்சான் பொடி, நாவல் கொட்டைப் பொடி, மூட்டுவலிக்குப் போட்ட ஊசி எல்லாமே சொல்ல வேண்டியவைதான். மூட்டு ஊசியில் ஸ்டீராய்டு இருந்தால் சுகர் சில நாள் எகிறும்.

வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், பழைய கணக்கு அதற்குள் இருக்கும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்திவிட்டு 300 என்று பதறி வந்தவர்கள் உண்டு.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் சொல்வது "ரெண்டு இட்லிம்மா." அப்பா காலையில் களி சாப்பிடுகிறாரா? கேழ்வரகுக் களி என்றால் சர்க்கரைக்கு நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அதுவும் மாவுச்சத்துதான். உருண்டை எவ்வளவு பெரிது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பத்தியம் இல்லாத மூன்று நாட்கள், அதில் ஒன்று பிரியாணி செய்கிற ஞாயிற்றுக்கிழமை, அவர் சாப்பிடுவதை அப்படியே எழுதுங்கள். டீக்கடை டீயும் அதில் வரட்டும். தறிக்கு நடுவில் நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன் ஆகிவிட்டது. களியை நிறுத்தாமலே அந்த எட்டை இரண்டாக்க முடியும். எனக்குத் தெரிந்து நெசவாளிகளுக்கு இதைவிட எளிதான மாற்றம் வேறு இல்லை.

கால்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வாணியம்பாடியிலிருந்து ஒருவர் வந்திருந்தார், தோல் ஷெட்டில் வேலை. சுகர் ரிப்போர்ட் மட்டும் காட்டிவிட்டுப் போகலாம் என்று அவசரத்தில் இருந்தார். செருப்பைக் கழற்றுங்கள் என்றேன். கழற்றினார். செருப்பின் அடியிலிருந்து ஓர் ஆணி மேலே வந்து நின்றது, நுனி பளபளவென்று தேய்ந்து. பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண், ஓரமெல்லாம் வெளுத்து. "எப்போ குத்துச்சு?" என்றேன். "குத்தவே இல்லையேம்மா" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு வலிக்கவே இல்லை.

இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் நம் வேலூரும் ஒன்று. 1946-இல் இங்கே சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் தொழுநோயாளிகளின் கால் புண்களைக் கவனித்தார். நோயே சதையை அரிக்கிறது என்று நம்பியிருந்த காலம். வலி தெரியாமல் போவதால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண்ணாகிறது என்று அவர் கண்டு சொன்னார். வேலூரிலும், பக்கத்தில் தொழுநோய் மருத்துவமனை இருக்கும் கரிகிரியிலும் நடந்த அந்த வேலையோடு சேர்ந்து வளர்ந்ததுதான் மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு. சர்க்கரையில் மரத்துப்போன கால்களுக்கும் இன்றைக்கு அதையே எழுதிக் கொடுக்கிறோம்.

உங்கள் அப்பாவின் கால் ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் தறிக் குழிக்குள் வெறுங்காலாக மிதித்துக்கொண்டிருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே அழுத்தம். போவதற்கு முந்தின நாள் வெளிச்சத்தில் அவரை உட்கார வைத்து உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் நீங்களே பாருங்கள். காய்ப்பு, வெடிப்பு, வெள்ளையாக ஊறின தோல், சிவப்பு எதுவானாலும் சொல்லுங்கள். அன்றைக்குத் தளர்வான வேட்டியில், தினமும் போடும் செருப்போடு வரட்டும். புதுச் செருப்பு வேண்டாம், பழைய செருப்பின் தேய்மானம் எங்களுக்கு நிறையச் சொல்லும். இங்கே ஒரு நைலான் இழையை வைத்து உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்போம். 10 கிராம் அழுத்தத்தில் அந்த இழை வளையும். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிந்தால் தெரிகிறது என்று சொன்னால் போதும். வருஷம் ஒரு முறையாவது இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். யாரும் காலைப் பார்க்கவில்லை என்றால் நீங்களே செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு அப்பா வெறுங்காலோடு நடப்பாரா? அதையும் சொல்லுங்கள். கத்திரி வெயிலில் தார் ரோட்டில் நடந்து, கால் முழுக்கக் கொப்புளத்தோடு, அது எப்போது வந்தது என்றே தெரியாமல் வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கால் மரத்திருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற ஏற்பாட்டோடு போகட்டும்.

கண் விழித்திரையும் சிறுநீரில் புரதமும் வருஷத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டியவை. பார்வை நன்றாக இருந்தாலும் பார்க்க வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், அன்று அவர் வண்டி ஓட்டக் கூடாது.

ஒரு சின்ன விஷயம், கூச்சப்படாமல் எழுதுகிறேன். உங்கள் முன்னால் அவரால் சொல்ல முடியாத தொந்தரவுகள் சர்க்கரையில் உண்டு. ஆண்மைக் குறைவு, அந்தரங்க இடத்தில் அரிப்பு, ராத்திரி பத்து முறை எழுவது, மனசு சோர்ந்து கிடப்பது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்றை ஜெராக்ஸ் எடுக்கப் போவதாகச் சொல்லி இரண்டு நிமிஷம் வெளியே வந்துவிடுங்கள். அவர் சொன்னாலும் சொல்லலாம், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

டாக்டர் அறையிலிருந்து கிளம்பும் முன், அவர் சொன்னதை அப்பாவே ஒரு தடவை திருப்பிச் சொல்லட்டும்: "அப்போ காலைல இது ஒண்ணு, ராத்திரி இது ஒண்ணு, சாப்பிடலன்னா இதைப் போடக் கூடாது, சரிங்களா?" தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்துவார்கள். எதை நிறுத்த வேண்டும் என்பதையும் வாய்விட்டுக் கேளுங்கள். போன முறை 2 மில்லிகிராம் எழுதினாரே, பழைய 1 மில்லிகிராம் அட்டை வீட்டில் மிச்சம் இருக்கிறதா என்று இன்றைக்கே அலமாரியைப் பாருங்கள். இருந்தால், அவர் இரண்டையும் சேர்த்துப் போடவில்லையே என்று கேளுங்கள். பிறகு அதைத் தனியாக ஒரு கவரில் போட்டு, மேலே "நிறுத்தியது" என்று பெரிதாக எழுதி, மஞ்சப்பையில் வையுங்கள்.